முப்பது வயதில் எழுத்துப் பழகிய குரு

நம் பிள்ளைகள் 'அ' எழுதப் பழகும்போது, சுழியை எங்கே தொடங்குவது என்று கையைப் பிடித்துக் காட்டுகிறோம். எழுத்தின் வடிவத்தோடு அதை எழுதும் முறையும் தெரிய வேண்டும் என்பதை நாம் அறிவோம். முப்பது வயதை எட்டும்போது, குழந்தையைப் போல மீண்டும் எழுத்துப் பழகிய ஒரு குருவின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை மத்தேயு ரிச்சி.

இத்தாலியின் மச்செராத்தா நகரில் 1552 அக்டோபர் 6 அன்று பிறந்த இவர், 1578-இல் கோவா வந்து சேர்ந்தார். நம் நாட்டில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தங்கினார். இறையியல் பயின்றார், கோவாவிலும் கொச்சியிலும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1580-இல் கொச்சியில்தான் குருவாக அருள்பொழிவு பெற்றார். 1582-இல் சீனாவின் வாசலான மக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்கு முன்பே சென்றிருந்தவர் அருட்தந்தை மிக்கேல் ருஜ்ஜேரி. அவருக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் ஒரு சீன ஓவியர். இருவருக்கும் பொது மொழி இல்லாததால், ஓவியர் குதிரையை வரைந்து காட்டி, அதற்குரிய எழுத்தை எழுதிக் காட்டுவாராம்.

சீன மொழியில் நமக்குள்ளது போல் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் இல்லை. ஆயிரக்கணக்கான தனித்தனி எழுத்துகள் உண்டு. ஒவ்வொன்றையும் வரிசை தவறாமல் எழுத வேண்டும். மேல்கோடு முதலில், கீழ்க்கோடு பிறகு. இடப்பக்கம் முதலில், வலப்பக்கம் பிறகு. பெட்டி போன்ற எழுத்தானால் உள்ளே இருப்பதை எழுதியபின், கடைசியில்தான் அடிக்கோடு இட்டு மூட வேண்டும். பத்து என்னும் எண்ணின் எழுத்து சிலுவை வடிவில் இருக்கும். நாம் சிலுவை அடையாளம் வரையும்போது நெற்றியிலிருந்து இறங்கி, பிறகு தோள்களுக்குச் செல்கிறோம். சீனர் குறுக்குக்கோட்டை முதலில் இழுத்து, அதன்பின் நெடுங்கோட்டை இறக்குவர். வரிசை மாறினால் தூரிகையின் ஓட்டம் கெடும். வேகமாகச் சேர்த்து எழுதும்போது அடுத்தவரால் வாசிக்க முடியாமல் போகும்.

உரோமையில் கணிதம் கற்றவர், இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர், இதற்காக உள்ளூர் ஆசிரியர்முன் மாணவராக அமர்ந்தார். ருஜ்ஜேரியோடு சேர்ந்து போர்த்துக்கீசிய-சீன அகராதி ஒன்றைத் தொகுத்தார். சீன ஒலிகளை உரோமை எழுத்தில் குறிக்கும் முறையும் அதில் இருந்தது. ஆனால் அந்த ஊன்றுகோலோடு அவர் நின்றுவிடவில்லை. 1589-இல் ஆளுநர் அவரைச் சாவோசிங் நகரிலிருந்து வெளியேற்றியபோதும் படிப்பைக் கைவிடவில்லை.

1595-இல், சீனா சேர்ந்த பதின்மூன்றாம் ஆண்டில், நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அறிஞர்கள் அதை விரும்பி வாசித்தார்கள். 1601-இல் பெய்ஜிங்கில் தங்க அனுமதி கிடைத்தது. 1602-இல் சீன எழுத்துகளில் பெரிய உலக வரைபடம் வெளியிட்டார். 1607-இல் சூ குவாங்சி என்னும் அறிஞரோடு சேர்ந்து யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்தார். 1610 மே 11 அன்று அவர் இறந்தபோது, பேரரசரே கல்லறைக்கு நிலம் அளித்தார். 2022 டிசம்பர் 17 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவராக ஏற்றார்.

கற்பிக்கப் போனவர் முதலில் கற்றுக்கொண்டார். ஒரு மக்களின் எழுத்தை அவர்கள் எழுதும் முறையிலேயே எழுதியது, அவர்களுக்கு அவர் செய்த முதல் மரியாதை.

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வடமாநிலத்துத் தொழிலாளர் பலர் நம் அண்டை வீட்டாராக வாழ்கிறார்கள். தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகளும் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். அந்தத் தொழிலாளரிடம் அவர்கள் மொழியில் ஒரு வார்த்தையாவது கேட்டுக் கற்போம். பிள்ளைகளை ஊன்றுகோலோடு விட்டுவிடாமல், ஒரு பாடலையாவது தமிழில் தம் கைப்பட எழுத வைப்போம். ரிச்சி அடிகளார் முப்பது வயதில் தொடங்கினார். நமக்கும் காலம் கடந்துவிடவில்லை.