பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்: ஜி.டி. நாயுடுவும் நம் மோட்டார் செயினும்

மாணவர்களே, ஜி.டி. நாயுடு என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவின் எடிசன் என்று அவரைப் புகழ்வார்கள். பள்ளியில் சில வகுப்புகளோடு நின்றுவிட்டவர் என்றும் சொல்வார்கள். முதல் செய்தியை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் இளைஞர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

நான் திகாம் பத்துவில் மோட்டார் பட்டறை நடத்துகிறேன். சுங்கைப்பட்டாணிக்கு வேலைக்குப் போகிறவர்கள், செம்பனைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள், படிவம் 5 மாணவர்கள் என எல்லாரும் தங்கள் கப்சாய் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வரும் இடம் அது. எஸ்.பி.எம். எதற்கு, நாயுடு என்ன படித்தார் என்று என்னிடம் வாதாடிய தம்பிகளும் உண்டு. அவர்களுக்காகவே அந்த மனிதரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். என் தொழிலுக்கு அவர் நெருக்கமானவர் என்பதால் செயினும் பல்சக்கரமும் இடையிடையே வரும்.

ஒரு மோட்டார் சைக்கிளுக்காக

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். வகுப்பறையில் உட்கார்ந்து ஒப்பிக்கும் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு பள்ளியை விட்டார். ஆனால் வாசிப்பை விடவில்லை. தோட்ட வேலைக்கு நடுவே கிடைத்ததையெல்லாம் படித்தார்.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்காமல், ஆள் மிதிக்காமல் ஓடும் வண்டியை அந்த இளைஞர் அன்றுதான் கண்டார். அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவரை ஊரில் இருக்க விடவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கிடைத்த கூலியைச் செலவழிக்காமல் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்சுற்றவில்லை. பாகம் பாகமாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு மீண்டும் பூட்டினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, வழிகாட்டிப் புத்தகமும் இல்லை. அந்த வண்டிதான் அவருக்கு ஆசிரியர். இயந்திரம் பழுதுபார்ப்பவராக அவர் வளர்ந்தது அங்கிருந்துதான்.

பிரிப்பது எளிது, முறை அரிது

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எதையும் பிரித்துப் போடுவது பெரிய திறமை அல்ல. திரும்பப் பூட்டியபின் அது ஓட வேண்டும். அதற்கு எது முதலில், எது அடுத்து என்ற முறை தெரிந்திருக்க வேண்டும்.

என் பட்டறைக்கு வரும் வேலைகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு செயின் மாற்றுவதுதான். வீட்டிலேயே செயினும் பல்சக்கரமும் மாற்ற நினைக்கிற தம்பி ஆர்வத்தில் முதலில் செயினைக் கழற்றிவிடுவார். பிறகு முன் பல்சக்கரத்தின் ஆணியைத் திருக முயல்வார். பல்சக்கரமும் கூடவே சுற்றும், ஆணி அசையாது. செயின் மாட்டியிருக்கும்போதே ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அந்த ஆணியைத் தளர்த்தியிருந்தால் அரை நிமிட வேலை. கருவி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். வரிசை மாறியதுதான் குறை.

நாயுடு இளைஞராக இருந்த காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் செயினே கிடையாது. தோல் அல்லது ரப்பர் வார்தான் பின் சக்கரத்தைச் சுற்றியது. மழையில் நனைந்தால் வார் வழுக்கும். நாம் இன்று காணும் உருளைச் செயினை ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1880-லேயே உருவாக்கிவிட்டார். ஆனாலும் மோட்டார் சைக்கிள்களில் வாரை முழுமையாக விரட்ட அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தட்டு, ஊசி, அதன் மேல் புஷ், அதன் மேல் சுழலும் உருளை என ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறிய இயந்திரம். பல்லின் மேல் உராய்வதற்குப் பதிலாக உருளை உருண்டு போவதால்தான் தேய்மானம் குறைகிறது.

விழுந்தும் எழுந்தவர்

நாயுடுவின் வாழ்க்கை நேர்க்கோட்டில் ஏறிப் போனதல்ல. திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் சேர்த்தார். அந்தத் துணிச்சலில் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குப் போய்ப் பெரும் நட்டம் அடைந்தார். கையில் மிஞ்சியது இயந்திர அறிவு மட்டும்தான்.

அப்போது கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருக்குக் கைகொடுத்தார். 1920-ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்துடன் நாயுடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்தை ஓட்டியவரும் அவர்தான். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. தம் வண்டிகளைத் தம் பட்டறையிலேயே பழுதுபார்த்துப் பராமரிப்பதில் அவர் கண்டிப்பு காட்டினார். பேருந்து நேரத்துக்கு வரவேண்டுமானால் அது வழியில் நிற்கக் கூடாது என்பதை, ஓட்டுநராக இருந்த அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பணம் வந்த பிறகும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்து தொழிற்சாலைகளைப் பார்த்தார். உலர் மின்கலத்தில் இயங்கும் சவரக்கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி எனப் பல பொருள்களை உருவாக்கினார். 1937-இல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து ஒரு மின்மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது அதுதான். அதை வடிவமைத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. கோவை பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகரமானதற்கு அத்தகைய தொடக்கங்களே காரணம்.

1952-இல் சுமார் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் சிறிய காரை உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை. திட்டம் அத்தோடு நின்றது. அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தாம் செய்த பொருள்களை மக்கள் முன்னிலையில் உடைத்தும் காட்டினார். அந்தக் கோபம் நியாயமானது என்பவர்களும் உண்டு, உழைப்பை உடைக்கலாமா என்பவர்களும் உண்டு. பழுதுபார்த்தே பிழைக்கும் எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனம் சாய்கிறது.

கல்லூரி கட்டிய பள்ளி துறந்தவர்

படிப்பு வேண்டாம் என்று சொல்லும் தம்பிகள் இனிதான் ஊன்றிப் படிக்க வேண்டும். பள்ளியை விட்ட அதே நாயுடு, தம் பணத்தைக் கொட்டியது தொழிற்கல்விக்கு. அவருடைய நன்கொடையில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்றின. ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண ஆளுநர். 1945-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று வழங்குகிறது.

நாயுடு அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்காண்டுப் படிப்பு தேவையில்லை, செய்து பழகினால் 2 ஆண்டு போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. அவர் பதவி விலகினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அவர் வெறுத்தது கல்வியை அல்ல, கை படாத கல்வியை. தாம் தட்டுத் தடுமாறிக் கற்றதை அடுத்த தலைமுறை முறையாகக் கற்கட்டும் என்றுதான் கல்லூரிக்குப் பணம் கொடுத்தார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் சேகரித்த, செய்த கருவிகளைக் கோவை அவிநாசி சாலையிலுள்ள கண்காட்சியில் மாணவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

உங்கள் மோட்டாரில் தொடங்குங்கள்

நாயுடுவுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைத் தொடவே சில ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. கெடாவில் பெரும்பாலான வீடுகளின் வாசலில் ஒன்று நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ள செயின் நல்ல தொடக்கம்.

முதலில் கணக்கு. முன் பல்சக்கரத்தில் 14 பல், பின்னதில் 36 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.57. முன்னது 2.57 முறை சுற்றினால் பின் சக்கரம் ஒருமுறை சுற்றும். பின்னதில் பல் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும்.

அடுத்து, செயின் ஏன் நீள்கிறது? இரும்புத் தட்டு ரப்பர்போல இழுபடுவதில்லை. ஊசியும் புஷ்ஷும் தேய்கின்றன. சிறு மோட்டார் செயினில் ஒரு கண்ணியின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். 100 கண்ணியுள்ள செயினின் நீளம் 1,270 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தத்தில் 10 மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீண்ட செயின் பல்லின் அடியில் அமராமல் நுனியில் ஏறும். பல் சுறாவின் துடுப்புபோலக் கூர்ந்து வளையும். ஆகவே செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதியதும் விரைவில் கெடும்.

பராமரிப்புக்குச் சில குறிப்புகள்:

1. இஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே வேலை செய்யுங்கள். ஓடும் செயினில் துணி பிடிப்பவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

2. மூடிய செயின் பெட்டியுள்ள கப்சாய்களில் பெட்டியிலுள்ள ரப்பர் மூடியைத் திறந்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிறு மோட்டார்களில் பொதுவாக 2 முதல் 3 செண்டிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, மூன்று நான்கு இடங்களில் பாருங்கள்.

3. இறுக்கும்போது இருபுற அளவுக்கோடுகளும் ஒன்றாக இருக்கட்டும். ஒருபக்கம் மட்டும் இறுக்கினால் சக்கரம் கோணும். அச்சு நட்டை இறுக்கிய பிறகு பின் பிரேக்கையும் சரிபாருங்கள்.

4. மண்ணெண்ணெயால் துடைத்து, காய்ந்தபின் செயினின் உட்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள். சுற்றும் வேகத்தில் எண்ணெய் வெளிநோக்கிப் பரவும். செம்மண் சாலையிலும் மழையிலும் ஓடுகிறவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

5. புதுச் செயினின் இணைப்புக் கண்ணியைப் பின் பல்சக்கரத்தின் மேல் வைத்துப் பூட்டுங்கள், பற்களே பிடித்துக்கொள்ளும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தவறிப் போட்டால் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும். மூடா ஆற்றுப் பாலத்தில் பின்னால் லாரி வரும்போது செயின் கழன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்து, கை எண்ணெயானாலும் மனம் மகிழ்ந்தால் உங்களுக்குள் ஒரு தொழில்நுட்பர் இருக்கிறார். அவருக்கு நாட்டில் வழி உண்டு. தொழிற்கல்லூரிகள், மலேசியத் திறன் சான்றிதழ் பயிற்சிகள், கூலிமிலும் ஜித்ராவிலும் உள்ள பாலிடெக்னிக்குகள் எல்லாம் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. எஸ்.பி.எம். தேர்ச்சி இருந்தால் அந்தக் கதவுகள் அகலத் திறக்கும். சான்றிதழ் இல்லாத கெட்டிக்காரர் பிறர் பட்டறையில் ஆயுள் முழுதும் கூலிக்கு நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

நாயுடு பள்ளியை விட்டதைப் பின்பற்ற ஒரு நாள் போதும். உணவகத்தில் உழைத்துப் பணம் சேர்த்ததையும், பிரித்ததைப் பொறுமையாகத் திரும்பப் பூட்டியதையும், நட்டத்துக்குப் பிறகு ஒரே பேருந்துடன் தொடங்கியதையும் பின்பற்றப் பல ஆண்டுகள் வேண்டும். அதற்கான முதல் வேலை இந்த வார இறுதியில் உங்கள் வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. ரப்பர் மூடியைத் திறந்து செயினின் ஆட்டத்தை அளந்து பாருங்கள்.