ஆய்வேட்டில் பிறந்த கோபுரம்

வானளாவிய கட்டடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. சிகாகோ மாநகரின் இரு பெருங்கோபுரங்களை நிறுத்திய வங்கத்து மேதை அவர். அவர்தம் புகழைக் கோபுரங்களின் உயரத்தால் அளப்பதே உலக வழக்கு. நாமோ அவரை ஒரு மாணவராகவும், மாணவர்களின் ஆசிரியராகவும் காண விழைகின்றோம். அவருடைய பெருஞ்செயல்களுள் ஒன்று, முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் வளர்ந்த கருத்தாகும்.

கான் 1929 ஏப்ரல் 3 அன்று டாக்காவில் பிறந்தார். தந்தையார் அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர்; பாடநூல்கள் இயற்றியவர். சிப்பூரிலிருந்த வங்காளப் பொறியியற் கல்லூரியில் மைந்தர் பயின்றுகொண்டிருந்த காலையில், 1950ஆம் ஆண்டின் வகுப்புக் கலவரங்கள் குறுக்கிட்டன. டாக்காவுக்கு மீண்டு, அஹ்சனுல்லா பொறியியற் கல்லூரியில் படிப்பை நிறைவு செய்தார். அக்கலவரங்களில் படிப்பையும் வீட்டையும் இழந்து மீளாதோர் எத்தனையோ பேர்.

1952இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களையும் ஒரு முனைவர் பட்டத்தையும் பெற்றார். முதுநிலைப் பட்டங்களுள் ஒன்று கட்டமைப்புப் பொறியியலுக்கு உரியது. மற்றொன்று விசையியலுக்கு உரியது. முன்னது கட்டடத்தை நிறுத்தக் கற்பிப்பது. பின்னது பொருளுக்குள் விசை எவ்வழி ஓடுகின்றது என்று காட்டுவது. 1955இல் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்னும் கட்டடக்கலை நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் தாயகத்தில் பணியாற்றி, 1960இல் அதே நிறுவனத்திற்குத் திரும்பினார்.

அக்காலத்தில் உயர்ந்த கட்டடம் என்றால், உள்ளே தூணும் உத்தரமும் நெருங்கிய இரும்புக் காடு. மாடிகள் ஏற ஏறக் காற்றின் தாக்குதலைத் தாங்குவதற்கென்றே எஃகைக் கொட்ட வேண்டியிருந்தது. கான் வலிமையைப் புறச்சுவருக்கு மாற்றினார். கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாகக் கருதினார். உள்ளீடற்ற மூங்கில் புயலில் நிற்பதைக் கண்ட நமக்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

1960களில் அவர் அலுவலகப் பணியோடு, இல்லினாய் தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டடக்கலை முதுநிலை மாணவர்களுக்கும் வழிகாட்டினார். உடனிருந்தவர் மைரன் கோல்ட்ஸ்மித். அவர் அதே நிறுவனத்தில் மீஸ் வான் டெர் ரோவிடம் பயின்று, 1953இல் உயர்ந்த கட்டடங்களில் அளவு விளைவிக்கும் மாற்றங்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். மானின் காலை எத்தனை மடங்கு பெருக்கினாலும் அது யானையைத் தாங்காது. அளவு மாறினால் அமைப்பே மாற வேண்டும் என்பது அவ்வாய்வின் சாரம். பத்தாண்டு கழித்து, ஜப்பானிய மாணவர் மிக்கியோ சசாக்கி இவ்விருவர் வழிகாட்டலில் ஆய்வு மேற்கொண்டார். புறச்சுவரில் பெரிய மூலைவிட்டச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்தால் குழாய் மேலும் விறைப்பாகும் என்பதை அவர் 1964ஆம் ஆண்டு ஆய்வேட்டில் வகுத்துக் காட்டினார்.

அவ்வேடு அலமாரியில் உறங்கவில்லை. நம் துறைகளில் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வேடுகளுக்கு நேரும் கதியை நாம் அறிவோம். பொன்னெழுத்து முதுகு மட்டுமே பின்னர் வெளியே தெரியும். கானோ மாணவர் வரைந்ததை நகரத்தின் நடுவே கொண்டு வந்தார். கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் இணைந்து அவர் வடிவமைத்த 100 மாடி ஜான் ஹான்காக் கோபுரம் 1969இல் எழுந்தது. அதன் முகப்பில் இன்றும் தெரியும் மாபெரும் குறுக்குச் சட்டங்கள், ஆய்வேட்டுக் கருத்தின் வழி வந்தவையே. 1931இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்திற்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 206 கிலோ எஃகு தேவைப்பட்டது. இதற்கோ ஏறத்தாழ 145 கிலோவே போதியதாயிற்று.

கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. கோபுரம் அசைந்தால் உள்ளே வாழ்வோர் அதை எந்த அளவில் உணர்வர்? இதை அறிய, சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் சுழன்றுகொண்டிருந்த சலவை இயந்திரக் காட்சிமேடை ஒன்றின்மீது மனிதர்களை நிற்க வைத்துப் பார்த்தார். பெரும் பொறியாளர் பொதுமக்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தையே ஆய்வுக்கூடமாக்கிய இந்நிகழ்ச்சி நமக்கு மிகவும் பிடித்தமானது.

ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கட்டாகப் பிணைத்து அவர் அமைத்த 442 மீட்டர் சியர்ஸ் கோபுரம் பலரும் அறிந்ததே. 1970களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக அது விளங்கிற்று. 2009 முதல் அதன் பெயர் வில்லிஸ் கோபுரம்.

உயரத்தை வென்றவரின் இறுதிப் பெரும்பணிகளுள் ஒன்று தரையோடு ஒட்டியது. ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகள் தங்கும் முனையத்திற்குக் கூரை வேண்டும்; பாலைவன வெயிலில் இலட்சக்கணக்கானோருக்கு நிழல் வேண்டும். மூடிய மண்டபங்களைக் குளிரூட்டுவதற்கு மாறாக, எஃகுக் கம்பங்களில் 210 துணிக் கூடாரங்களை உயர்த்திக் கட்டி, காற்றோட்டமான நிழலை உண்டாக்கினர். கண்ணாடியிழையால் நெய்யப்பட்ட அத்துணி, வெப்பத்தின் பெரும்பகுதியைத் தடுத்து, மெல்லிய ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றது. நாடோடி அரபியரின் கூடாரம் நவீனப் பொறியியலில் மறுபிறவி எடுத்தது என்றே நாம் கருதுகின்றோம். 1981இல் திறக்கப்பட்ட அம்முனையம் 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது.

அவ்விருதைக் காணக் கான் இல்லை. 1982 மார்ச் 27 அன்று, 53ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், அதே ஜித்தா நகரில் மாரடைப்பால் காலமானார். அவர் உடல் சிகாகோவின் கிரேஸ்லாண்டு அடக்கத்தலத்தில் துயில்கின்றது.