கற்பலகையும் ஒரு கடிதமும்: இராமானுஜனின் வாழ்வு புகட்டும் பாடம்

கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளில், மாலை வேளையில் புத்தகப் பைகளுடன் பிரத்தியேக வகுப்புகளுக்கு விரையும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். தமிழர், முஸ்லிம், மலாயர் என்ற வேறுபாடின்றி அவர்களுள் பலரை அச்சுறுத்தும் பாடம் கணிதமே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறிய பிள்ளையை மந்தபுத்தியினன் எனத் தீர்ப்பிடுவதும், அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளையைப் பிறவி மேதை எனக் கொண்டாடுவதும் எமது சமூகத்தில் வழக்கமாகிவிட்டன. கணிதம் சிலருக்கே வாய்த்த வரம் என்ற இவ்வெண்ணத்துக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுபவர் சீனிவாச இராமானுஜன். ஆயின், அவரது வாழ்வை நிதானமாக நோக்கினால் அது புகட்டும் பாடம் வேறு என்பது புலனாகும்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதுபவர். பாடசாலையில் பரிசுகள் பல பெற்ற இராமானுஜனுக்கு, ஏறத்தாழ 16 வயதில், ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை நிறுவல்கள் பெரிதும் இன்றித் தொகுத்துத் தந்த கார் என்பவரின் நூல் கிடைத்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவ முற்பட்டதே அவரது உண்மையான கல்வியாயிற்று. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907 இல் பரீட்சையில் தோல்வியே கண்டார். பட்டமும் தொழிலும் இல்லாத அவ்விளைஞருக்கு 1909 இல் திருமணமும் நடந்தேறியது.

1911 இல் இந்தியக் கணிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் ஒரு வினாவை வெளியிட்டார். வர்க்கமூலத்தினுள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையின் பெறுமானம் யாது என்பதே அவ்வினா. மாதங்கள் பல கடந்தும் வாசகர் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3 என அவரே பின்னர் அறிவித்தார். அதன் சூட்சுமமோ எளியது. மூன்றின் வர்க்கமான 9 ஐ 1+2×4 என எழுதலாம். அந்த நான்கின் வர்க்கமான 16 ஐ 1+3×5 என எழுதலாம். அந்த ஐந்தின் வர்க்கமான 25 ஐ 1+4×6 என எழுதலாம். இவ்வாறு ஒன்றினுள் ஒன்றாக வைத்துக்கொண்டே சென்றால் அக்கோவை பிறந்துவிடும். எமது பிள்ளைகளும் கடதாசியில் செய்து பார்க்கத்தக்க கணக்கு இது.

இத்தகைய ஆற்றலும் தனித்து நின்று வென்றதில்லை என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது. சங்கத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அவரது குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் மாதாந்தம் பொருளுதவி செய்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானபோது, அங்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் அவருடன் கற்பலகையும் கையுமாக அமர்ந்து கணக்கிட்டார். 1913 ஜனவரியில் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தமது முடிவுகளை எழுதி அனுப்பினார். ஏற்கெனவே வேறு அறிஞர்களிடம் அவர் செய்த முயற்சி பலனளித்திருக்கவில்லை. ஹார்டியோ தமது நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அக்கடிதத்தை வரிவரியாக ஆராய்ந்தார்.

1914 இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் அங்கும் கற்க வேண்டியவராகவே இருந்தார். முதன்மை எண்கள் பற்றி அவர் கண்டதாகக் கருதிய சில முடிவுகள் பிழையானவை. ஹார்டி அவற்றைச் சுட்டிக்காட்டி, நிறுவலின் அவசியத்தை உணர்த்தினார். ஆயினும் அவரது துணிச்சலை அவர் முடக்கவில்லை. அக்கூட்டுழைப்பின் பெரும் பேறு 1918 இல் வெளிவந்தது. 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டுத்தொகையாக 5 வகைகளில் எழுதலாம். 200 ஐ எழுதும் வகைகளோ 3,972,999,029,388. இத்தொகையை மக்மகோன் என்பவர் கையால் கணித்துக் கண்டிருந்தார். இருவரும் இணைந்து கண்ட சூத்திரம் தந்த விடை அதனுடன் பொருந்தியது.

அதே ஆண்டில் அவர் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஆயினும் நோய் அவரை வாட்டியது. 1919 இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 ஆம் திகதி தமது 32 ஆவது வயதில் காலமானார். மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரும் புதுவகைச் சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவரது இறுதிக்காலத் தாள்கள் 1976 இல் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலுள்ள முடிவுகளை நிறுவப் பிற்கால அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தனர்.

மனிதர் கைமாறி வளர்வதே கணிதம். இந்திய எண்முறையை விளக்கி ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் நூல் எழுதிய அல் குவாரிஸ்மி, தமது அல்ஜப்ர் நூலில் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கும் வழிகாட்டினார். அட்சரகணிதத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அல்ஜிப்ரா என்ற பெயர் அந்நூலின் தலைப்பிலிருந்தே பிறந்தது. வீட்டுப் பங்கீடும் கடைக் கணக்கும் கற்பலகை வினாவும் ஒரே முயற்சியின் வெவ்வேறு முகங்களே.

எமது பிள்ளைகள் அனைவரும் இராமானுஜன்கள் ஆவர் என நாம் கூறவில்லை. ஆனால், பரீட்சையில் தவறிய ஓர் இளைஞனின் குறிப்பேட்டைப் பொறுமையுடன் வாசிக்கச் சிலர் இருந்தமையால் உலகம் பயனடைந்தது. இன்றிரவு உங்கள் பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறக்கும்போது சிவப்பு மையிலுள்ள புள்ளியுடன் நின்றுவிடாதீர்கள். எந்தப் படியில், எதை எண்ணி அவ்வாறு எழுதியது என்று கேளுங்கள். கணிதம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.