முன்சீப்பு எழுதிய கதை

வழக்காடுவோன் தமிழன், சாட்சி சொல்வோன் தமிழன், தீர்ப்பு மட்டும் ஆங்கிலத்தில்! அப்படி நடந்த திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தார் ஓர் இளைஞர். அடுத்துள்ள குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை அவர்.

பிறகு முன்சீப்பு ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என ஊர்தோறும் நீதி வழங்கினார். பதவி வந்ததும் பழைய கூண்டை அவர் மறக்கவில்லை, தோழர்களே! 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்று நூலாக்கினார். பூட்டிக் கிடந்த பெட்டகம் திறந்தது.

திருவரங்கத்துத் தென்கோபுரம் அந்நாளில் மொட்டைக் கோபுரம். 1987-இல்தான் அது முழுமை பெற்றது. தமிழ் உரைநடையும் அன்று அவ்வாறே நின்றது. செய்யுள் உண்டு, கதை சொல்லும் உரைநடை மிகக் குறைவு. அக்குறை தீரவே பிரதாப முதலியார் சரித்திரம் எழுதினார். 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் அது.

கதையா அது! கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அலைகிறாள். அரசனை இழந்த விக்கிரமபுரியில் யானை மாலை சூட்ட, அவளே அரசனாகிறாள். அரியணையில் இருப்பது பெண் என்பதை ஊர் அறியாது. நாடோ நன்றாகவே நடக்கிறது. திருவானைக்காவில் யானை பூசை செய்தது என்பது புராணம்; இவருடைய யானை ஒரு பெண்ணை ஆளவைத்தது. எனக்கு இந்த யானையைத்தான் பிடிக்கிறது! வேடிக்கைக் கதைக்குள்ளேயே, தமிழ்நாட்டு வழக்கு தமிழில் நடக்கட்டும் என்று வாதாடியும் விட்டார். தமிழ் நீதிபதி முன் தமிழ் வக்கீல் ஆங்கிலம் முழக்குவதை அவர் எள்ளி நகையாடியதை இன்று படித்தாலும் சுருக்கென்று தைக்கிறது.

பிறப்பால் கிறித்தவர். ஆனால் அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை பாடியவர், சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. எல்லாச் சமயத்தாரும் பாடச் சர்வ சமய சமரசக் கீர்த்தனை தந்தார் இவர். பஞ்சம் வந்தபோது கைப்பொருளைக் கொட்டிக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பாட்டாகவே பாடினார். யார் வீட்டுப் பிள்ளை இவர்? தமிழ்வீட்டுப் பிள்ளை!

1889-இல் மறைந்தார். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. டில்லி இன்னும் இசையவில்லை.