அக்னர் கிராரப் எர்லாங்

அக்னர் கிராரப் எர்லாங் (ஜனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர், புள்ளியியலாளர், பொறியியலாளர் ஆவார். தொலைபேசி இணைப்பகங்களில் எத்தனை தடங்களும் எத்தனை இணைப்பாளர்களும் தேவை என்பதை நிகழ்தகவின் துணையுடன் கணிக்கும் முறையை இவர் உருவாக்கினார். தொலைபேசிப் போக்குவரத்துப் பொறியியல், வரிசைக் கோட்பாடு ஆகிய இரு துறைகளின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். அழைப்பு மையங்களையும் தானியங்கிக் குரல்வழி மறுமொழி அமைப்புகளையும் வடிவமைப்போர் இவரது வாய்பாடுகளை இன்றும் பயன்படுத்துகின்றனர். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு இவரது பெயரால் எர்லாங் என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

எர்லாங் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் தார்ம் என்னும் ஊருக்கு அருகிலுள்ள லோன்போர்க் கிராமத்தில் பிறந்தார். தந்தை ஆன்சு நீல்சன் எர்லாங் அக்கிராமத்துப் பள்ளி ஆசிரியராகவும் தேவாலய எழுத்தராகவும் பணியாற்றினார். தாய் மக்தலேனா கிராரப். முக்கோணவியலில் தொடுகோடு (டாஞ்சென்ட்), வெட்டுக்கோடு (சீகன்ட்) ஆகியவற்றுக்கான சொற்களை 1583 இல் அறிமுகப்படுத்திய தாமசு ஃபிங்கே தாய்வழி முன்னோர்களுள் ஒருவர் ஆவார். எர்லாங்கிற்கு ஓர் அண்ணனும் இரு தங்கைகளும் இருந்தனர்.

தொடக்கக் கல்வியைத் தந்தையின் பள்ளியிலேயே பெற்றார். சிறுவயதில் அண்ணன் ஒரு நூலைப் படிக்கும்போது எதிரே அமர்ந்து அதையே தலைகீழாகப் படித்து முடிப்பார் என்று இவரது வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. வானியலில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்த இவர், வானியல் பொருள்களைப் பற்றிக் கவிதைகளும் எழுதினார்.

14 ஆவது வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முன்னிலைத் தேர்வை எழுதினார். வயது குறைவாக இருந்ததால் இதற்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. தேர்வில் சிறப்பாகத் தேறிய பின் ஊர் திரும்பி, இரண்டு ஆண்டுகள் தந்தையின் பள்ளியில் கற்பித்தார். அக்காலத்தில் பிரெஞ்சு மொழியையும் இலத்தீனையும் கற்றுக்கொண்டார். 1896 இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். குடும்பம் வசதி குறைந்தது எனினும் உதவித்தொகையும், ரெகன்சன் மாணவர் விடுதியில் இலவச உணவும் உறைவிடமும் கிடைத்தமையால் கல்வியைத் தொடர முடிந்தது. 1901 இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் வானியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஏழு ஆண்டுகள் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியப் பணிக்கிடையே ஆய்வையும் கைவிடவில்லை. நுண்கணிதச் சிக்கல்களுக்கு ஹைகன்சு கண்ட தீர்வுகளைப் பற்றிய இவரது கட்டுரை 1904 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பாராட்டைப் பெற்றது.

தொலைபேசி நிறுவனத்தில் பணி

எர்லாங் டென்மார்க்குக் கணிதவியலாளர் சங்கத்தின் கூட்டங்களில் தவறாது கலந்துகொண்டார். அங்கு யோகான் ஜென்சன் என்பவருடன் பழக்கம் ஏற்பட்டது. குவிவுச் சார்புகளுக்கான ஜென்சன் சமனின்மையால் கணித உலகில் அறியப்படும் இவர், தொழிலால் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் யோகான்சன் என்பவரும் காத்திருப்பு நேரத்தைப் பற்றியும் அழைப்புகளின் எண்ணிக்கையைப் பற்றியும் 1907 இல் கட்டுரை எழுதியிருந்தார். இச்சிக்கல்களைத் தீர்க்கக் கணிதம் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஜென்சனின் அறிமுகத்தால் 1908 இல் எர்லாங் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

ஆய்வுக்கூடத்தில் தொடக்கத்தில் உதவியாளர்கள் இல்லை. எனவே கம்பிவடங்களில் ஏற்படும் கசிவு மின்னோட்டங்களை அளக்கும் பணியையும் எர்லாங்கே மேற்கொண்டார். ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் உடன்வர, கோபன்ஹேகன் தெருக்களில் நிலத்தடிக் கம்பிவடக் குழிகளுக்குள் இறங்கி அளவெடுத்து வந்தார். மாறுமின்னோட்டத்தை அளப்பதற்கு இவர் அமைத்த கருவி முந்தைய கருவிகளைவிடத் துல்லியமானதாக இருந்தது.

சிக்கலின் தன்மை

அக்காலத்தில் தொலைபேசி இணைப்புகளைப் பெரும்பாலும் பெண் இணைப்பாளர்களே கையால் இணைத்தனர். தானியங்கி இணைப்பகம் 1892 இல் அமெரிக்காவின் லா போர்ட் நகரில் முதன்முதலாகச் செயல்படத் தொடங்கி, மெல்லப் பரவி வந்தது. இரு முறைகளிலும் ஒரே கேள்வி எழுந்தது. ஓர் ஊரில் ஆயிரம் தொலைபேசிகள் இருந்தால் அனைவரும் ஒரே நேரத்தில் பேசப் போவதில்லை. ஆகவே ஆயிரம் தடங்கள் தேவையில்லை. அவ்வாறெனில் எத்தனை போதும்?

தடங்கள் குறைந்தால் அழைப்பவர் இணைப்புக் கிடைக்காமல் திரும்ப நேரிடும். மிகுந்தால் செம்புக் கம்பியும் பொறிகளும் பயனின்றிக் கிடக்கும். அச்செலவு கட்டணமாகப் பயனர் மீதே விழும். இணைப்பாளர்கள் குறைவாக இருந்தால் அழைப்பவர் காத்திருப்பதோடு, பணியிலுள்ளோரும் ஓய்வின்றி உழைக்க நேரிடும். அதுவரை இவை பெரும்பாலும் அனுபவத்தின் அடிப்படையிலேயே முடிவு செய்யப்பட்டு வந்தன.

சராசரியை மட்டும் கொண்டு இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. மணிக்கு 100 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்றால் மொத்தம் 300 நிமிடங்கள், அதாவது 5 மணி நேரம் ஆகிறது. எனவே 5 தடங்கள் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சில நிமிடங்களில் பல வந்து குவியும்; சில நிமிடங்களில் ஒன்றும் வராது. இந்த ஏற்ற இறக்கத்தையே எர்லாங் கணித வடிவில் கொணர்ந்தார்.

முதன்மை ஆய்வுகள்

1909 இல் நிகழ்தகவுக் கோட்பாட்டையும் தொலைபேசி உரையாடல்களையும் பற்றிய தமது முதல் கட்டுரையை டேனிஷ் கணித இதழ் ஒன்றில் வெளியிட்டார். ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும் என்று அதில் காட்டினார். வரிசைக் கோட்பாட்டின் தொடக்கமாக இக்கட்டுரை கொள்ளப்படுகிறது.

1917 இல் தானியங்கித் தொலைபேசி இணைப்பகங்களுக்கு இன்றியமையாத நிகழ்தகவுச் சிக்கல்களின் தீர்வுகளை வெளியிட்டார். இவரது மிகச் சிறந்த படைப்பு இதுவே. இதில் புள்ளியியல் சமநிலை என்னும் கருத்தைக் கையாண்டார். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தடங்கள் பயன்பாட்டில் உள்ள நிலைக்கு அமைப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறதோ, நீண்டகால நோக்கில் அவ்வளவு அடிக்கடி அந்நிலையைவிட்டு நீங்கவும் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இதிலிருந்து இரு வாய்பாடுகள் பெறப்பட்டன.

• இழப்பு வாய்பாடு (எர்லாங் பி): எல்லாத் தடங்களும் பயன்பாட்டில் இருக்கையில் வரும் அழைப்பு கைவிடப்படும் அமைப்புகளுக்கு உரியது. எத்தனை விழுக்காட்டு அழைப்புகள் இழக்கப்படும் என்பதைத் தருகிறது.

• காத்திருப்பு வாய்பாடு (எர்லாங் சி): உடனே ஏற்க இயலாத அழைப்பு வரிசையில் நிறுத்தப்படும் அமைப்புகளுக்கு உரியது. ஓர் அழைப்பு காத்திருக்க நேரிடும் நிகழ்தகவைத் தருகிறது. அதிலிருந்து சராசரிக் காத்திருப்பு நேரத்தையும் கணிக்கலாம்.

எடுத்துக்காட்டு

ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுதும் பயன்பாட்டில் இருப்பது ஓர் எர்லாங் ஆகும். மேற்கூறிய 100 அழைப்புகளின் பளு 5 எர்லாங். இழப்பு வாய்பாட்டின்படி இப்பளுவிற்குக் கிடைக்கும் விடைகள் வருமாறு:

• 5 தடங்கள்: சுமார் 28.5 விழுக்காட்டு அழைப்புகள் இழக்கப்படும்
• 8 தடங்கள்: சுமார் 7 விழுக்காடு
• 10 தடங்கள்: சுமார் 1.8 விழுக்காடு
• 11 தடங்கள்: சுமார் 0.8 விழுக்காடு

அதாவது இழப்பை ஒரு விழுக்காட்டிற்குக் கீழ் வைக்க 11 தடங்கள் தேவை. பளு இரு மடங்காகி 10 எர்லாங் ஆனால் 22 தடங்கள் தேவைப்படுவதில்லை; 18 தடங்களே போதும். பெரிய தொகுதிகளில் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்வதே இதற்குக் காரணம். சிறு தொகுதிகளைப் பிரித்து வைப்பதைவிட ஒன்றிணைப்பது சிக்கனமானது என்ற பொறியியல் விதி இதிலிருந்து பெறப்படுகிறது.

இதே பளுவை வரிசை முறையில் இணைப்பாளர்கள் ஏற்பதாகக் கொண்டால், காத்திருப்பு வாய்பாடு பின்வரும் சராசரிக் காத்திருப்பு நேரங்களைத் தருகிறது:

• 6 பேர்: சுமார் 106 வினாடிகள்
• 7 பேர்: சுமார் 29 வினாடிகள்
• 8 பேர்: சுமார் 10 வினாடிகள்

5 பேர் மட்டும் இருப்பின் வரிசை எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகும். பணியாளர்கள் விளிம்பு நிலையில் உள்ள இடத்தில் ஒருவரைக் குறைப்பதால் சேமிக்கப்படும் ஊதியம் சிறிது. அழைப்பவர்கள் இழக்கும் நேரமோ மிகப் பெரிது.

குரல்வழி மறுமொழி அமைப்புகளில் பயன்பாடு

எர்லாங்கின் காலத்தில் அழைப்பு மையங்கள் இருக்கவில்லை. எனினும் வங்கி, தொடர்வண்டி முன்பதிவு, மருத்துவமனை முதலியவற்றின் அழைப்பு மையங்கள் அவர் ஆராய்ந்த அமைப்புகளையே ஒத்தவை. பதிவு செய்யப்பட்ட குரல் விருப்பத் தெரிவுகளைக் கூற, அழைப்பவர் எண்களை அழுத்தி விடை பெறுவதும், தேவைப்படின் பணியாளருடன் இணைக்கப்படுவதும் இவற்றின் இயல்பு. இத்தகைய அமைப்பை நிறுவும்போது இரு வாய்பாடுகளும் பயன்படுகின்றன. உள்வரும் தடங்களின் எண்ணிக்கை இழப்பு வாய்பாட்டாலும், பணியாளர்களின் எண்ணிக்கை காத்திருப்பு வாய்பாட்டாலும் கணிக்கப்படுகின்றன.

இங்கு ஒரு நுட்பம் கருத்தில் கொள்ளத்தக்கது. அழைப்பவர் பதிவுக் குரலைக் கேட்கும் நேரமும், வரிசையில் காத்திருக்கும் நேரமும், பணியாளரிடம் பேசும் நேரமும் ஆகிய மூன்றிலும் உள்வரும் தடம் பயன்பாட்டில் உள்ளது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒவ்வோர் அழைப்பும் முதலில் 1 நிமிடம் பதிவுக் குரலில் செலவாகி, பின்னர் 7 பணியாளர்களிடம் செல்வதாகக் கொள்வோம். பதிவுக் குரலுக்கு சுமார் 1.7 எர்லாங், காத்திருப்பிற்கு சுமார் 0.8 எர்லாங், உரையாடலுக்கு 5 எர்லாங் என மொத்தம் ஏறத்தாழ 7.5 எர்லாங் ஆகிறது. இழப்பை ஒரு விழுக்காட்டிற்குள் வைக்க ஏறக்குறைய 15 தடங்கள் தேவைப்படும். உரையாடல் நேரத்தை மட்டும் கணக்கிட்டு 11 தடங்களுடன் அமைப்பை நிறுவினால், பணியாளர் போதுமான அளவில் இருந்தும் பலருக்கு இணைப்பே கிடைக்காது.

வரம்புகள்

எர்லாங்கின் வாய்பாடுகள் சில எடுகோள்களின் மேல் அமைந்தவை. இழப்பு வாய்பாட்டில், இணைப்புக் கிடைக்காதவர் மீண்டும் முயல்வதில்லை என்று கொள்ளப்படுகிறது. நடைமுறையில் பெரும்பாலோர் உடனே மறுபடி அழைப்பதால் பளு கூடுகிறது. காத்திருப்பு வாய்பாட்டில், வரிசையில் உள்ளவர் எவ்வளவு நேரமாயினும் பொறுத்திருப்பார் என்று கொள்ளப்படுகிறது. பொறுமையிழந்து அழைப்பைத் துண்டிப்பவர்களையும் கணக்கில் கொள்ளும் விரிவாக்கத்தை சுவீடனைச் சேர்ந்த கான்னி பாம் பின்னர் உருவாக்கினார். விழாக்காலம், விபத்து போன்ற வேளைகளில் அழைப்புகள் ஒன்றையொன்று சாராது வருகின்றன என்னும் எடுகோளும் பொருந்துவதில்லை.

தனி வாழ்க்கையும் மறைவும்

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. எளிய வாழ்க்கை நடத்தினார். கணிதம், வானியல், இயற்பியல் நூல்கள் அடங்கிய பெரிய நூலகம் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். உதவி நாடி ஆய்வுக்கூடத்திற்கே வந்த ஏழைகளுக்கு ஆரவாரமின்றிப் பொருளுதவி செய்து வந்தார். கணிதக் கணிப்புகளுக்கான எண் அட்டவணைகளையும் தொகுத்து வெளியிட்டார்.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொலைபேசி நிறுவனத்தில் நோய் விடுப்பின்றிப் பணியாற்றிய எர்லாங், 1929 ஜனவரியில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு பெப்ரவரி 3 ஆம் நாள் தமது 51 ஆவது வயதில் கோபன்ஹேகனில் காலமானார்.

தாக்கமும் நினைவும்

எர்லாங்கின் கட்டுரைகள் சுருக்கமானவை; பல இடங்களில் நிறுவல்கள் தரப்படவில்லை. முதலில் டேனிஷ் மொழியில் வெளிவந்தபோதிலும் அவை விரைவில் ஆங்கிலம் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டன. பிரித்தானிய அஞ்சல் துறை தனது தொலைபேசித் தடங்களைக் கணிக்க இவரது வாய்பாட்டை ஏற்றுக்கொண்டது. இவரது கட்டுரைகளை மூல மொழியிலேயே படிப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் டேனிஷ் மொழியைக் கற்றுக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது.

தொலைபேசிக்கான பன்னாட்டு ஆலோசனைக் குழு 1946 இல் எர்லாங் என்னும் அலகை ஏற்றுக்கொண்டது. 1948 இல் இவரது வாழ்வையும் படைப்புகளையும் தொகுத்த நூலைக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனம் வெளியிட்டது. புள்ளியியலில் எர்லாங் பரவல் என்னும் நிகழ்தகவுப் பரவலும் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1980களில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கப்பட்ட நிரலாக்க மொழிக்கும் எர்லாங் எனப் பெயரிடப்பட்டது. இம்மொழி 1998 இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது.

தொலைபேசிக்காக உருவான இவரது முறைகள் பின்னர் கணினி வலையமைப்புகள், வானூர்தி நிலையங்கள், மருத்துவமனைப் படுக்கைகளின் ஒதுக்கீடு எனக் காத்திருப்பு நிகழும் பல துறைகளுக்கும் விரிவடைந்தன.