அடிக்காத முதலாளி – ராபர்ட் ஓவன்

நம் சுவர் இதழில் காந்தியடிகள், காமராசர், அன்னை தெரசா என்று எல்லாரைப் பற்றியும் எழுதியாச்சு. நான் ஒரு பஞ்சு மில் முதலாளியைப் பற்றி எழுதப் போகிறேன். முதலாளியைப் பற்றி எதுக்கு எழுதணும்னு நீங்க கேட்பீங்க. முழுசும் படிச்சிட்டு அப்புறம் கேளுங்க.

ராபர்ட் ஓவன் 1771-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர், அந்த ஊர்த் தபால்காரியத்தையும் பார்த்துக்கொண்டார். வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர் ஆறாவது. பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேரணும் என்று இவருக்கு ஒரு வெறி. ஒருநாள் காலையில் கொதிக்கக் கொதிக்க இருந்த கூழை அவசரமாக வாயில் ஊற்றி விழுங்கிவிட்டார். வயிறு வெந்துபோய் மயங்கி விழுந்தார். அதிலிருந்து வாழ்நாள் முழுக்க எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சமாக, பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுவாராம். எதையும் கவனித்துப் பார்க்கும் பழக்கம் அந்தக் கூழில்தான் தனக்கு வந்தது என்று பின்னால் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பத்து வயதில் படிப்பு முடிந்தது. வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு துணிக்கடை. அங்கே முதலாளி நல்லவர், புத்தகம் படிக்க விடுவார். அப்புறம் லண்டனில் ஒரு கடை. அங்கேதான் கஷ்டம். காலை எட்டு மணிக்குள் தலைக்குப் பவுடர் பூசி, சுருள் வைத்து, கடையில் நிற்கணும். வியாபாரம் அதிகமான மாதங்களில் இராத்திரி கடை மூடின பிறகும் துணிகளை மடித்து அடுக்கவே இரண்டு மணி ஆகிவிடும். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறித்தான் படுக்கைக்குப் போவாராம். நம் வயசுதான் இருக்கும் அப்போது. ஒரு கடையில் மரியாதை, இன்னொரு கடையில் கால்வலி, இரண்டையும் அனுபவித்துப் பார்த்தவர் அவர். இது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு மான்செஸ்டர் போனார். அந்த ஊர் முழுக்கப் பஞ்சு மில்லாக வந்துகொண்டிருந்த காலம். 20 வயதில் 500 பேர் வேலை செய்யும் ஒரு நூற்பாலைக்கு மேலாளர் ஆனார். அவருக்கு அந்த வேலை சரியாகத் தெரியாது. ஆனால் சத்தம் போட்டுத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஆறு வாரம் காலையில் முதல் ஆளாக வந்து, இராத்திரி கடைசி ஆளாகப் போனார். ஒரு உத்தரவும் போடவில்லை. யாராவது கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மெஷினையும், ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுக்கப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.

1799-இல் அவரும் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருக்கும் நியூ லானார்க் மில்லை 60,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். விற்றவர் டேவிட் டேல். அதே வருஷம் அவருடைய மகள் கேரலைனை ஓவன் திருமணம் செய்துகொண்டார். 1800 ஜனவரி 1 முதல் மில் நிர்வாகம் ஓவன் கையில்.

அந்த மில் எப்படி இருந்தது தெரியுமா? ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றி மெஷின் ஓடும். மில்லைச் சுற்றியே தொழிலாளர் ஊர். ஏறக்குறைய 500 குழந்தைகள் வேலை செய்தார்கள். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள். ஐந்து, ஆறு வயதிலேயே வந்தவர்களும் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை வேலை. அதுக்கப்புறம் பாடம். டேல் இரக்கமானவர்தான், நல்ல சாப்பாடும் துணியும் கொடுத்தார். ஆனால் 13 மணி நேரம் மில்லில் நின்ற பிள்ளைக்கு இராத்திரி எட்டு மணிக்கு எழுத்து எப்படி மண்டையில் ஏறும்? தூங்கித்தான் விழும்.

ஓவன் முதலில் செய்தது, இனிமேல் அநாதை விடுதிகளிலிருந்து பிள்ளைகளை எடுப்பதில்லை என்று நிறுத்தியது. பத்து வயதுக்குக் கீழே யாரும் மில்லுக்குள் வரக்கூடாது என்றும் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு ஊரில் கடைக்காரர்கள் மட்டமான சாமானைக் கடனுக்குக் கொடுத்து அதிக விலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓவன் மில் சார்பில் ஒரு கடை திறந்தார். மொத்தமாக நல்ல சரக்கு வாங்கி, கிட்டத்தட்ட வாங்கின விலைக்கே கொடுத்தார். உடம்பு சரியில்லாமல் போனால் உதவ ஒரு நிதி. ஒவ்வொருவர் கூலியிலும் 60-இல் ஒரு பங்கு அதில் சேரும்.

ஆனால் தொழிலாளர்கள் அவரை நம்பவே இல்லை. வெளியூர்க்காரன், நம்மகிட்ட இன்னும் வேலை வாங்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்தார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. முதலாளி சொல்வதை எல்லாம் உடனே யார் நம்புவார்கள்? நம்பிக்கை வந்தது ஒரு கஷ்ட காலத்தில். அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பஞ்சு விலை ஏறிப்போச்சு. மற்ற மில்களில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓவன் மெஷினை நிறுத்தினார், ஆட்களை நிறுத்தவில்லை. நான்கு மாதம் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டிருந்தால் போதும், முழுக் கூலி என்றார். அதற்கு 7,000 பவுண்டுக்கு மேல் செலவானது. ஒருத்தருக்கும் ஒரு பென்னி கூடக் குறையவில்லை.

இதை என் பெரியப்பா மகள் அக்காவிடம் சொன்னேன். அவள் ஒரு மில்லில் சைடர் வேலைக்குப் போகிறாள். வேலை இல்லாத நாளில் கூலி கிடையாது. அக்கா நம்பவே இல்லை, கதைதானே என்றாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்று புத்தகத்தைக் காட்டினேன். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

இப்போது நம் வகுப்புக்குப் பிடித்த விஷயம். அந்தக் கால மில்களில் மேஸ்திரிகள் பிள்ளைகளை அடிப்பார்கள், வாரால் விளாசுவார்கள். ஓவன் அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போ ஒழுங்காக வேலை நடக்க என்ன செய்வது? ஒரு சின்ன மரக்கட்டை செய்தார். நாலு பக்கம், நாலு நிறம். கருப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் நல்லது, வெள்ளை மிக நல்லது. ஒவ்வொருவர் வேலை செய்யும் இடத்திலும் அதைத் தொங்கவிடுவார்கள். நேற்று எப்படி வேலை செய்தார்களோ அந்த நிறம் முன்பக்கம் தெரியும். அதற்குப் பெயர் பேசாத சட்டாம்பிள்ளை. ஓவன் அந்தப் பக்கம் நடந்து போவார், கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். முதலில் எங்கே பார்த்தாலும் கருப்பாக இருந்ததாம். வருஷம் போகப் போக நீலம், மஞ்சள், அப்புறம் வெள்ளை என்று மாறியதாம்.

நம் வகுப்பில் லீடர் போர்டில் பேசியவர் பெயர் எழுதுவது இதைவிட மேலா கீழா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நமக்குக் கருப்பு போட்டது தப்பு என்று ஒரு தொழிலாளி நினைத்தால், அது நோட்டில் ஏறுவதற்கு முன்னால் நேராக ஓவனிடமே போய் முறையிடலாம். (லீடர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.)

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. எல்லாம் அவரே முடிவு செய்வார், தொழிலாளிகளைக் கேட்பதில்லை. வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வருவார்கள். பெண்களுக்குக் கோபம் வந்து, வந்தவர்களுக்கு மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம் வீட்டுச் சமையலறையில் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் அம்மா சும்மா விடுவாங்களா? இன்னொன்று, அந்த மில்லுக்கு வந்த பஞ்சை அமெரிக்காவில் அடிமைகள் பறித்தார்கள். தன் மில்லில் அடி இல்லை, பஞ்சு பறித்த இடத்தில் சவுக்கு இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அது அவரைப் பற்றிய பாதி வரலாறுதான்.

கூட்டாளிகளுக்கு இவர் செலவு பிடிக்கவில்லை. லாபம் குறையுது என்று சண்டை. 1813 கடைசியில் மில் ஏலத்துக்கு வந்தது. ஓவன் ஜெரமி பெந்தாம், வில்லியம் ஆலன் போன்ற புதுக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுண்டுக்கு எடுத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து மட்டும் லாபம் எடுப்போம், மிச்சம் ஊருக்கும் பள்ளிக்கும் என்று ஒப்பந்தம். அவர் திரும்பி வந்தபோது தொழிலாளர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். முன்னே நம்பாத அதே ஆட்கள்.

1816 ஜனவரி 1 அன்று பள்ளி திறந்தார். நடக்கத் தெரிந்தாலே போதும், சேர்த்துக்கொள்வார்கள். ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியும், மோலி யங் என்ற 17 வயது அக்காவும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள். அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, திட்டக்கூடாது. சுவரில் பெரிய பெரிய தேசப் படங்கள், மிருகப் படங்கள். ஆட்டமும் பாட்டும் உண்டு. அந்த வருஷமே மில்லில் வேலை நேரம் சாப்பாட்டு நேரம் போகப் பத்தே முக்கால் மணியாகக் குறைந்தது. லாபம் போயிடும் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள், ஏனென்றால் மில் லாபத்தில்தான் ஓடியது. பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிற்பாடு ரஷ்யாவின் ஜார் மன்னரான நிக்கோலசும் 1816-இல் வந்து பார்த்தார்.

எல்லா மில்லுக்கும் இதைச் சட்டமாக்கணும் என்று ஓவன் பாராளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 1819-இல் சட்டம் வந்தது. பஞ்சு மில்லில் 9 வயதுக்குக் கீழே வேலை கூடாது, 16 வயது வரை 12 மணி நேரம்தான். அவர் கேட்டதில் பாதிகூட இல்லை, சோதனை செய்ய அதிகாரியும் இல்லை. அதிகாரிகள் 1833 சட்டத்தில்தான் வந்தார்கள். நம் நாட்டில் 1881-இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது 7 வயதுக்குக் கீழேதான் தடை. 1948 சட்டத்தில்தான் 14 வயது ஆனது. எனக்கு இப்போ 14 வயது. அந்த எண்ணைப் பார்த்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1881-இல் பிறந்திருந்தால் ஏழு வருஷம் முன்னாடியே மில்லுக்குப் போயிருப்பேன்.

1825-இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற ஊரை வாங்கி, எல்லாரும் சமமாக வாழும் ஊர் ஆக்கப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் சண்டை வந்து கலைந்துபோனது. சொத்தில் பெரும்பகுதி போயிடுச்சு. ஆனாலும் அவர் எண்ணங்களைப் படித்தவர்கள் 1844-இல் ராச்டேல் என்ற ஊரில் கூட்டுறவுக் கடை ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அதுதான் கொள்ளுப்பாட்டி.

வயசான காலத்தில் பிறந்த ஊரான நியூடவுனுக்கே திரும்பி, 1858 நவம்பர் 17 அன்று இறந்தார். அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். நியூ லானார்க் மில் 1968 வரை ஓடியது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தொழிலாளர் வீடுகளும் பள்ளிக்கூடமும் இன்னமும் அந்த ஆற்றங்கரையில் நிற்கின்றன. சில வீடுகளில் இப்போதும் குடும்பங்கள் குடியிருக்கின்றன.