எம்.சி. ராஜாவும் ஊர்ப் பள்ளியின் கதவும்

1883இல் சென்னைப் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, அடிப்படையில் பள்ளி ஆசிரியர், பாடநூல்களும் எழுதியவர். 1920இல் அவர் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் கல்வி வரி விதிக்கவும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் பல ஊர்களில் அம்மன்றங்களின் பள்ளி நடந்த இடமோ அக்கிரகாரம், கோயில் மண்டபம், சாவடி! அத்தெருவிலேயே நடக்கவியலாத சேரிக் குழந்தைக்கு அரசு மானியம் எவ்வழியே சென்று சேரும்? ராஜா சட்டசபையில் எழுப்பிய சிக்கல்களுள் பள்ளிச் சேர்க்கையும் ஒன்று.

அரசு கண்ட வழி வேறு. தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிப்பள்ளிகளைத் திறந்தது. அவற்றால் எழுத்தறிவு பரவியது, மறுப்பதற்கில்லை. எனினும் பொதுப்பள்ளியைத் திறந்துவிடும் கடமையிலிருந்து உள்ளாட்சிகளுக்கு அது வசதியான விடுப்பாகவும் அமைந்தது என்றே கருத வேண்டியுள்ளது.

பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் எனப் பதியக் கோரிய 1922ஆம் ஆண்டுத் தீர்மானம் ராஜா கொணர்ந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் அத்தகைய ஏடுதானே. மறு ஆண்டே நீதிக்கட்சியிலிருந்து விலகினார். பின்னர் மத்திய சட்டசபைக்கும் சென்றார். 1943இல் மறைந்தார். தொழிலாளர் துறைப் பள்ளிகளின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப்பள்ளிகள்.